பத்து நாள் தான்சானியா: வடக்கா, தெற்கா, மலையா, தீவா?

அக்கா மகள் சென்ற மாதம் அழைத்தாள். “மாமா, ஏப்ரல் லீவுக்குத் தான்சானியா போலாம்னு இருக்கோம். பத்து நாள். செரெங்கெட்டி, கிளிமஞ்சாரோ, சான்சிபார் மூணையும் பாத்துட்டு வந்துடலாமா?” போகிறவர்கள் நான்கு பேர்: அவள், அவள் கணவர், 13 வயது மகன், 66 வயதான என் அக்கா. அந்த நாட்டுக்கு நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை வடக்கும் தீவும். இரண்டாம் முறை தெற்கு. கிளிமஞ்சாரோவில் மட்டும் அடிவாரக் காட்டோடு நின்றுகொண்டேன்.

ஏப்ரல் வேண்டாம் என்றேன். மூன்றையும் சேர்க்க வேண்டாம் என்றேன். அவள் குரல் இறங்கிவிட்டது. காரணங்களை ஃபோனில் சொல்லி முடிக்க முடியவில்லை. எழுதி அனுப்பினேன். அதையே இன்னும் விரித்து இங்கே எழுதுகிறேன், இதே கேள்வியோடு இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்று.

முதலில் நாட்டின் அளவு மனதில் ஏற வேண்டும். தான்சானியாவின் பரப்பு சுமார் 9.45 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல ஏழு மடங்கு. ஆப்பிரிக்காவின் மிக உயர்ந்த மலை அதன் வடகிழக்கு மூலையில் இருக்கிறது. கண்டத்தின் மிகப் பெரிய ஏரியான விக்டோரியாவை வடமேற்கில் கென்யாவோடும் உகாண்டாவோடும் பங்கிட்டுக்கொள்கிறது. மிக ஆழமான ஏரியான டாங்கனீக்கா மேற்கு எல்லையில், 1,470 மீட்டர் ஆழத்தோடு கிடக்கிறது. கிழக்கே இந்தியப் பெருங்கடல். பூமி பிளந்து உண்டான பெரும்பிளவுப் பள்ளத்தாக்கு இரண்டு கிளைகளாக இந்த நாட்டை ஊடறுத்துப் போகிறது. சுற்றுலாக்காரர்கள் தேடிப்போகும் எரிமலைகளும் சோடா ஏரிகளும் பெரும்பாலும் அந்தப் பிளவு தந்தவை. இவ்வளவையும் பத்து நாளில் தொட்டுவிட நினைத்தால், பார்த்ததைவிட வண்டியில் குலுங்கியதுதான் நினைவில் நிற்கும்.

மாதம்தான் முதல் கேள்வி

பெரும்பாலானவர்கள் எந்த விலங்கைப் பார்ப்பது என்று தொடங்குகிறார்கள். எந்த மாதம் லீவு கிடைக்கும் என்று தொடங்குவதே சரி என்பேன். மார்ச் நடுவிலிருந்து மே வரை பெருமழை. அதை அங்கே மாசிகா என்கிறார்கள். நவம்பர், டிசம்பரில் வருவது சிறுமழை, வூலி. ஜூன் முதல் அக்டோபர் வரை நீண்ட வறட்சி. ஜனவரி, பிப்ரவரியில் இரண்டு மழைக்கும் நடுவே ஒரு வெயில் காலம்.

நம் பள்ளிகளின் கோடை விடுமுறை சரியாக மாசிகாவின் மேல் வந்து விழுகிறது. தெற்கில் பல முகாம்கள் ஏப்ரல், மே மாதங்களில் மூடியே கிடக்கும். வடக்கில் திறந்திருக்கும், விலையும் குறைவு, புல்லும் பச்சை. ஆனால் பல இடங்களில் பாதை கரிசல் மண். மழையில் கரிசல் மண் என்ன ஆகும் என்று கோவில்பட்டிக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. புல் இடுப்பளவு வளர்ந்துவிட்டால் அதற்குள் சிங்கம் படுத்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. எங்கும் தண்ணீர் கிடைப்பதால் விலங்குகளும் கலைந்துவிடும். சான்சிபாரிலும் அப்போது மழைதான்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு மீதி இரண்டு விடுமுறைகள். செப்டம்பர் கடைசியில் வரும் காலாண்டு விடுமுறை வறட்சியின் உச்சத்தில் வருகிறது. மிச்சமிருக்கும் நீர்நிலைகளைச் சுற்றி விலங்குகள் கூடிவிடும். டிசம்பர் கடைசியின் அரையாண்டு விடுமுறையும் பரவாயில்லை, ஆனால் கிறிஸ்துமஸ் கூட்டமும் விலையும் சேர்ந்து வரும். பள்ளிக் கணக்கு இல்லாதவர்கள் பிப்ரவரியை யோசிக்கலாம். ஏன் என்று வடக்கைப் பற்றிப் பேசும்போது சொல்கிறேன்.

வடக்கு: எல்லோரும் போகும் வழி, காரணத்தோடுதான்

அருஷா நகரத்திலிருந்து தொடங்கும் இந்தச் சுற்றில் தரங்கிரே, மன்யாரா ஏரி, இங்கோரோங்கோரோ, செரெங்கெட்டி என்று வரிசையாக வரும். ஆறு பகல், ஐந்து இரவு இருந்தால் அவசரமில்லாமல் போகலாம். மன்யாராவை விட்டுவிட்டால் இன்னும் நிதானம் கிடைக்கும்.

செரெங்கெட்டிப் பூங்கா மட்டும் 14,763 சதுர கிலோமீட்டர். முடிவில்லாமல் விரியும் சமவெளி என்ற பொருளில், மாடு மேய்த்து வாழும் மாசாய் மக்கள் வைத்த பெயர் அது. அங்கே ஆண்டு முழுதும் நகர்ந்துகொண்டே இருப்பது வில்டபீஸ்ட் மந்தை: மாட்டின் முகம், குதிரையின் பிடரி, மானின் கால்கள். பத்து லட்சத்துக்கும் மேல். கூடவே இரண்டு லட்சம் அளவில் வரிக்குதிரைகள். “இடப்பெயர்ச்சி பார்க்கணும், எந்தத் தேதி?” என்று கேட்பவர்கள் அதை ஒரு திருவிழா போல நினைத்துக்கொள்கிறார்கள். அதற்குத் தேதி கிடையாது. மழை எங்கே பெய்கிறதோ மந்தை அங்கே போகிறது. தோராயமாக ஜனவரி முதல் மார்ச் வரை தென்சமவெளியில், ந்துட்டு பக்கம், குட்டி ஈனும் காலம். ஜூலை முதல் அக்டோபர் வரை வட எல்லையில், மாரா ஆற்றைக் கடந்துபோய்த் திரும்பி வரும் காலம்.

தென்சமவெளியில் போய்க் குட்டி போடுவதற்கு ஒரு காரணம் உண்டு. பக்கத்திலிருக்கும் ஓல் தொயின்யோ லெங்காய் எரிமலையும் அதன் மூத்த எரிமலைகளும் காலம் காலமாகத் தூவிய சாம்பல்தான் அந்த மண். அதில் முளைக்கும் குட்டைப் புல்லில் சுண்ணாம்புச் சத்தும் மணிச்சத்தும் அதிகம். பால் கொடுக்கும் தாய்க்கு வேண்டியது அதுதான். புல் குட்டையாக இருப்பதால் பதுங்கி வரும் வேட்டை விலங்கும் முன்கூட்டியே தெரிந்துவிடும். பிறந்த குட்டி சில நிமிடங்களில் எழுந்து நிற்கிறது, தாயோடு ஓடத் தொடங்குகிறது. ஆற்றைக் கடக்கும் காட்சியைத்தான் எல்லோரும் படம் எடுத்துப் போடுகிறார்கள். ஆனால் பிப்ரவரியின் ந்துட்டுவை நான் அதற்கு மேலே வைப்பேன். ஆற்றங்கரையில் முப்பது நாற்பது வண்டிகளோடு நின்று, மந்தை இறங்குமா இறங்காதா என்று மணிக்கணக்கில் காத்திருந்து, இறங்காமலே திரும்புவது சாதாரணம். பிப்ரவரிச் சமவெளியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் குட்டிகள்.

இங்கோரோங்கோரோ வேறு மாதிரி. 20 முதல் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய எரிமலை உள்ளே சரிந்து விழுந்ததால் உண்டான கிண்ணம். விளிம்பிலிருந்து தரை வரை சுமார் 600 மீட்டர் இறக்கம். தரை மட்டும் 260 சதுர கிலோமீட்டர். கறுப்புக் காண்டாமிருகத்தைப் பார்க்க இந்த நாட்டில் இதைவிட நல்ல இடம் கிடையாது. யானை உண்டு, பெரும்பாலும் வயதான ஆண் யானைகள். ஒட்டகச்சிவிங்கி மட்டும் கிடையாது. சரிவு அதற்குச் செங்குத்து, மேய வேண்டிய மரங்களும் குறைவு. விளிம்பில் 2,300 மீட்டர் உயரம் என்பதால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொடைக்கானல் டிசம்பர் போலக் குளிரும். ஆப்பிரிக்காதானே என்று வெறும் பருத்திச் சட்டைகளோடு வந்து நடுங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அங்கிருந்து செரெங்கெட்டி போகும் வழியில் ஓல்டுவாய் பள்ளத்தாக்கு. 1959-இல் மேரி லீக்கி ஒரு ஆதிமனித இனத்தின் மண்டையோட்டைக் கண்டெடுத்த இடம். அதற்குத் தெற்கே லேட்டோலியில், 36 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஈரச் சாம்பலில் நடந்துபோனவர்களின் காலடித் தடங்கள் கிடைத்தன. ஓல்டுவாய் அருங்காட்சியகத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பெரும்பாலான ஓட்டுநர்கள் நீங்களாகக் கேட்காவிட்டால் நிறுத்த மாட்டார்கள்.

தரங்கிரேயைத் தனியாகச் சொல்ல வேண்டும். வறட்சி மாதங்களில் அந்த ஆற்றைத் தேடி யானைக் கூட்டங்கள் இறங்குகின்றன. சுற்றிலும் பெருக்கமரங்கள். இலங்கையில் மன்னாரிலும் நெடுந்தீவிலும் நிற்கும் அதே மரம்தான். அரபு வணிகர்கள் கொண்டுவந்து நட்டது என்று அங்கே சொல்வார்கள். மன்னாரில் வேலிக்குள் ஒற்றையாக நிற்பதைப் பார்த்த கண்ணுக்கு, இங்கே குன்று முழுதும் அவை நிற்பதும், யானைகள் தந்தத்தால் பட்டையை உரித்துத் தின்றிருப்பதும் வேறொரு அனுபவம். செப்டம்பரில் போகிறவர்கள் செரெங்கெட்டியில் ஒரு இரவைக் குறைத்துத் தரங்கிரேக்குக் கொடுத்தாலும் நஷ்டமில்லை.

வடக்கின் குறைகள் இரண்டு. ஒன்று பணம். செரெங்கெட்டியில் வெளிநாட்டவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 70 டாலர் அளவில் நுழைவுக் கட்டணம், அதன் மேல் வரி. இங்கோரோங்கோரோவில் ஆள் கட்டணம் போக, ஒரு வண்டி பள்ளத்துக்குள் இறங்க மட்டும் தனியாக 250 டாலர் அளவில். வண்டி, டீசல், ஓட்டுநர், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இதற்கு மேல். வெகு மலிவாக வடக்கு முழுதையும் காட்டுகிறேன் என்று ஒருவர் சொன்னால், எதைக் குறைத்திருக்கிறார் என்று கேளுங்கள். வழக்கமாகக் குறைவது ஓட்டுநரின் சம்பளம், வண்டியின் பராமரிப்பு, பூங்காவுக்குள் தங்கும் இரவுகள்.

இரண்டாவது குறை நிலத்தின் கதை. 1951-இல் செரெங்கெட்டி தேசியப் பூங்காவானது. 1959-இல் அங்கிருந்த மாசாய் மக்களை இங்கோரோங்கோரோ பக்கம் நகர்த்தினார்கள். அங்கே மக்களும் மாடுகளும் விலங்குகளும் சேர்ந்து வாழலாம் என்பது அன்றைய ஏற்பாடு. இப்போது அங்கிருந்தும் நகரச் சொல்கிறார்கள். 2022-இல் சில நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ம்சொமெராவில் குடியேற்றம் தொடங்கியது. அதே ஆண்டு ஜூனில், பக்கத்து லோலியோண்டோவில் நிலத்தை அளந்து கல் நடப் போனபோது காவல் படைக்கும் மாசாய்களுக்கும் மோதல் நடந்தது. நாம் கட்டும் கட்டணத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று என்னால் நினைக்க முடியவில்லை. போக வேண்டாம் என்று சொல்லவில்லை. வழியில் மாசாய் குடியிருப்பைக் காட்டுகிறேன் என்றால், அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்று கேளுங்கள். ஆடலைப் பார்த்துவிட்டு மட்டும் திரும்பாமல், உங்கள் மேய்ச்சல் நிலம் எங்கே, எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று கேளுங்கள். நான் கேட்டபோது ஒரு பெரியவர் குச்சியால் தரையில் கோடு போட்டுக் காட்டினார். பூங்கா வரைபடம் எதிலும் அந்தக் கோடுகள் இல்லை.

மலை: அதற்கே ஒரு லீவு வேண்டும்

கிளிமஞ்சாரோ 5,895 மீட்டர். கயிறும் கோடரியும் இல்லாமல் நடந்தே ஏறக்கூடியது என்பதால் எளிது என்று ஒரு பேச்சு பரவியிருக்கிறது. கஷ்டம் காலுக்கு இல்லை, மூச்சுக்கு. உச்சியில் கடல்மட்டத்துக் காற்றழுத்தத்தில் பாதிதான் இருக்கும். உடம்பு அதற்குப் பழக நாள் வேண்டும். மரங்கு வழியில் மரக்குடில்கள் உண்டு, ஐந்து நாளில் முடித்துவிடலாம், செலவும் குறைவு. அதனாலேயே பலர் அதைத் தேர்ந்து, உச்சிக்குப் போகும் கடைசி இரவில் தலைவலியும் வாந்தியுமாகத் திரும்புகிறார்கள். மச்சாமே ஏழு நாள், லெமோஷோ எட்டு நாள் என்று போகிறவர்கள்தான் அதிகம் எட்டுகிறார்கள். போகும் வழி முழுதும் வழிகாட்டிகள் “போலே போலே” என்பார்கள், மெல்ல மெல்ல. உண்மையான மருந்து அதுதான்.

எட்டு நாள் மலை, முன்பின் ஒரு நாள் ஓய்வு. பத்து நாள் தீர்ந்தது. மலையையும் செரெங்கெட்டியையும் சேர்த்தால் இரண்டில் ஒன்றை அரைகுறையாக்க வேண்டியிருக்கும். பத்து வயதுக்குக் கீழே உச்சிக்கு அனுமதி கிடையாது. அக்காவின் பேரனுக்கு 13 வயது, அவன் விதிப்படி ஏறலாம்; ஆனால் பாட்டியைக் கீழே விட்டுவிட்டு எட்டு நாள் எப்படிப் போவது?

ஏற முடிவு செய்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பையையும் கூடாரத்தையும் அரிசியையும் தூக்கிக்கொண்டு உங்களுக்கு முன்னால் ஏறிப்போகும் சுமைக்காரர்களைப் பற்றி விசாரியுங்கள். ஒருவர் 20 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது. அவருக்கு எத்தனை வேளைச் சாப்பாடு, என்ன கூலி, குளிருக்கு என்ன உடை என்று கேட்டால் நல்ல நிறுவனம் தயங்காமல் பதில் சொல்லும். அவர்கள் நலனுக்கென்றே மலையடிவார ஊரான மோஷியில் ஓர் அமைப்பு இயங்குகிறது. அதில் சேர்ந்த நிறுவனங்களின் பட்டியலும் கிடைக்கிறது.

ஏறாதவர்களுக்கும் மலை உண்டு. மரங்கு வாசலிலிருந்து முதல் குடிலான மண்டாரா வரை, ஏறக்குறைய 2,700 மீட்டர் உயரத்துக்கு, ஒரே நாளில் போய்த் திரும்பலாம். நான் போனது அவ்வளவுதான். பாசி தொங்கும் மழைக்காடு, கிளைகளில் கறுப்பு வெள்ளைக் கொலபஸ் குரங்குகள். கீழே சக்கா மக்களின் தோட்டங்கள்: வாழை நிழலில் காபி, மலை நீரைக் கொண்டுவரும் வாய்க்கால்கள். வாழைக்காயைக் குழைய வேகவைத்துச் செய்யும் ம்டோரி சூப்பில் இறைச்சி இருக்கும். சைவமாகக் கேட்டால் வாழைக்காயும் அவரையுமாகச் செய்து தருவார்கள். உச்சிப் பனி 1912-இல் இருந்ததில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் போய்விட்டது. இருப்பதை மோஷியிலிருந்து, விடியற்காலையில் மேகம் ஏறும் முன் பார்க்கலாம்.

தெற்கு: என் மனம் இருக்கும் இடம்

கடற்கரைப் பெருநகரான தார் எஸ் சலாமிலிருந்து தென்மேற்கே போகும் நெடுஞ்சாலை ஜாம்பியா வரை ஓடுகிறது. அது மிகுமி பூங்காவின் நடுவிலேயே போகிறது. லாரிக்குப் பக்கத்தில் வரிக்குதிரை, சாலையோரம் யானை. 2024-இல் தார் எஸ் சலாமிலிருந்து மொரொகோரோ வழியாகத் தலைநகர் டொடொமா வரை புதிய மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மொரொகோரோவுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அங்கிருந்து மிகுமிக்கு வண்டியில் இன்னும் இரண்டு மணி. நகரத்து நெரிசலில் பாதி நாளைத் தொலைத்த காலம் போய்விட்டது.

மிகுமியின் ம்கட்டா சமவெளியைச் சின்னச் செரெங்கெட்டி என்று விளம்பரம் செய்கிறார்கள். அப்படி ஒப்பிட்டுப் போகாதீர்கள், ஏமாற்றமாக இருக்கும். சிங்கம், யானை, எருமை, ஒட்டகச்சிவிங்கி, நீர்யானை எல்லாம் உண்டு. எண்ணிக்கை குறைவு, கூட்டமும் குறைவு. நான் பார்த்தபோது நுழைவுக் கட்டணம் செரெங்கெட்டியில் பாதிக்கும் கீழே இருந்தது.

மிகுமியிலிருந்து சற்றுத் தெற்கே, கரும்புத் தோட்டங்களைத் தாண்டி, உட்சுங்வா மலை. உள்ளே வண்டிப்பாதையே கிடையாது, நடந்துதான் போக வேண்டும். சன்ஜே அருவி மூன்று அடுக்காக 170 மீட்டர் விழுகிறது. இந்த மலைத்தொடர் மிகப் பழையது. இந்தியப் பெருங்கடலின் ஈரக்காற்றால் காடு அழியாமல் நிலைத்ததால், வேறெங்கும் இல்லாத உயிர்கள் இங்கே இருக்கின்றன. சன்ஜே மாங்கபே என்ற குரங்கை அறிவியல் உலகம் அறிந்ததே 1979-இல்தான். மேற்குத் தொடர்ச்சி மலையில் நடந்த யாருக்கும் இந்தக் காட்டின் மணம் உடனே பிடிபடும். அட்டையும் பழக்கமானதாகத்தான் தோன்றும்.

இன்னும் மேற்கே இரிங்கா. ஜெர்மானியர்களை எதிர்த்து 1891 முதல் 1898 வரை போராடிய ஹெஹெ மக்களின் தலைவர் ம்க்வாவாவின் ஊர்ப்பக்கம் அது. பிடிபடாமல் தன்னைத் தானே சுட்டுக்கொண்ட அவருடைய மண்டையோட்டை ஜெர்மனிக்குக் கொண்டுபோனதாகச் சொல்லப்பட்டது. 1954-இல்தான் திரும்பி வந்தது. கலெங்காவில் ஒரு சிறு அருங்காட்சியகத்தில் அதை வைத்திருக்கிறார்கள். சிங்கம் பார்க்கப் போன நாட்டில் எனக்கு அதிகம் நெஞ்சில் நின்றது அந்தச் சின்ன அறை. அங்கிருந்து போனால் ருவாஹா: 20,000 சதுர கிலோமீட்டருக்கு மேல், சிங்கங்கள் நிறைந்தது, பெருக்கமரங்கள் நிறைந்தது. ஒரு காலை முழுதும் வேறொரு வண்டியைப் பார்க்காமல் சுற்றினோம்.

நியெரெரே தேசியப் பூங்கா பழைய செலூஸ் காப்பகத்திலிருந்து 2019-இல் பிரித்து உண்டாக்கியது. சுமார் 30,000 சதுர கிலோமீட்டர். அங்கே ரூஃபிஜி ஆற்றில் படகில் போய்க்கொண்டே நீர்யானையும் முதலையும் பார்க்கலாம். துப்பாக்கி ஏந்திய வனக்காவலரோடு நடந்தும் போகலாம். ஆப்பிரிக்கக் காட்டுநாய்களைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு இதுவும் ருவாஹாவும்தான் நல்ல இடங்கள். அதே ரூஃபிஜியின் குறுக்கே 2,115 மெகாவாட் அணையையும் இப்போது கட்டியிருக்கிறார்கள். நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்பது உண்மை. ஆற்றின் கீழ்ப்பகுதியும் கழிமுகமும் என்ன ஆகும் என்ற கவலையும் உண்மை.

தெற்கின் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். ட்செட்சி ஈ கடிக்கும். கடி சட்டையைத் தாண்டிப் போகும். கறுப்பும் கருநீலமும் அதை இழுக்கும் என்பதால் அந்த நிறங்களை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். வெயில் கடுமை. தாழ்நிலம் என்பதால் மலேரியா பற்றி இங்கே கூடுதல் கவனம் வேண்டும். ருவாஹா வரை சாலையில் போனால் போக ஒரு நாள், வர ஒரு நாள். பத்து நாளில் மிகுமி, உட்சுங்வா, ருவாஹா சேர்த்தால் தீவை விட வேண்டும்.

தீவு

சான்சிபாரைக் கடற்கரையாக மட்டும் பார்ப்பவர்கள் அதிகம். கடற்கரைக்காகவே போகிறீர்கள் என்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கிழக்குக் கரையில், பஜே, ஜம்பியானி பக்கம், வற்றும் நேரத்தில் கடல் வெகுதூரம் உள்வாங்கிவிடும். பெண்கள் இறங்கிக் கடற்பாசி வளர்க்கும் குச்சி வரிசைகள் தெரியும். நீந்தத் தண்ணீர் இருக்காது. எந்நேரமும் நீந்த வேண்டுமென்றால் வடக்கு முனையில் நுங்வி, கெண்ட்வா.

எனக்கு அந்தத் தீவு என்றால் ஸ்டோன் டவுன் என்ற பழைய நகரம். பவளக்கல் சுவர்கள், இரண்டு பேர் தோள் உரசிப் போகும் சந்துகள், செதுக்கிய மரக்கதவுகள். பித்தளைக் குமிழ்கள் பதித்த கதவுகளில் இந்திய வேலைப்பாடு தெரியும். பருவக்காற்றைப் பிடித்துக்கொண்டு கட்ச், குஜராத் வணிகர்கள் அங்கே போய்க் குடியேறியவர்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஓமன் சுல்தான் தன் தலைநகரத்தையே மஸ்கட்டிலிருந்து இங்கே மாற்றினார். கிராம்பும் தந்தமும் அடிமைகளும் கப்பலேறிய துறைமுகம் இது. 1873-இல் மூடப்பட்ட அடிமைச் சந்தை இருந்த இடத்தில் இன்று ஒரு தேவாலயம். அதன் வளாகத்தில், தரைக்குக் கீழே ஒரு குழியில், கழுத்தில் சங்கிலியோடு நிற்கும் கல்லுருவங்கள். சங்கிலி உண்மையானது. அங்கே போய் வந்த பிறகு வேறெங்கும் போகாமல் கொஞ்சம் உட்கார்ந்திருங்கள்.

மாலையில் ஃபொரோதானி பூங்காவில் உணவுக் கடைகள். உரோஜோ என்றொரு புளிப்புக் குழம்பு: மாங்காய்ப் புளிப்பு, மஞ்சள், அதில் உருளைக்கிழங்கும் பஜ்ஜியும் மரவள்ளி வறுவலும். நம் நாக்கு அதை உடனே ஏற்றுக்கொள்ளும். தேங்காய்ப்பால் சோறு, தேங்காய்ப்பாலில் வெந்த அவரை, ம்சிச்சா என்ற கீரை (நம் தண்டுக்கீரையின் வகைதான்), சப்பாத்தி, இவை எங்கும் கிடைக்கும். பெருநிலத்தில் அன்றாடச் சாப்பாடு உகாலி. மக்காச்சோள மாவில் கிண்டிய களி. சைவக்காரர்கள் பட்டினி கிடக்கத் தேவையில்லை. கீரையில் மீன் கருவாடோ இறைச்சிச் சாறோ சேர்த்திருக்கிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நறுமணத் தோட்டச் சுற்றுலா என்று எல்லோரும் கூட்டிப்போவார்கள். போடிமெட்டு, குமுளிப் பக்கம் ஏலமும் மிளகும் பார்த்தவர்களுக்கு அது அவசியமில்லை என்று எழுதியிருந்தேன். அந்த அரை நாளை ஜோசானி காட்டின் சிவப்புக் கொலபஸ் குரங்குகளுக்குக் கொடுக்கலாம். அந்த இனம் இந்தத் தீவுகளில் மட்டுமே உண்டு.

மேற்கே கோம்பே, மஹாலே பூங்காக்களில் சிம்பன்சிகள் இருக்கின்றன. ஜேன் குடால் 1960-இல் ஆய்வு தொடங்கியது கோம்பேயில். தூரமும் செலவும் அதிகம். முதல் பயணத்துக்கு வேண்டாம்.

போகும் முன்

இந்த நாட்டில் 120-க்கும் மேற்பட்ட இனக்குழுக்கள். எதற்கும் பெரும்பான்மை இல்லை. டாங்கனீக்கா 1961-இல் விடுதலை பெற்றது. 1964-இல் சான்சிபாரோடு இணைந்து தான்சானியா ஆனது. பள்ளி ஆசிரியராக இருந்து முதல் தலைவரான ஜூலியஸ் நியெரெரேயை இன்றும் ம்வாலிமு, அதாவது ஆசிரியர், என்றே சொல்கிறார்கள். அவர் சுவாஹிலியை எல்லோருக்கும் பொதுமொழியாக்கினார். பெரியவர்களைப் பார்த்ததும் “ஷிகமோ” என்று சொல்லுங்கள். அவர்கள் “மரஹபா” என்பார்கள். என் அக்காவுக்கு அந்த மரியாதை நாளெல்லாம் கிடைக்கும். பெசா, லாக்கி, பீமா, காரி என்று காதில் விழும் சொற்கள் நாம் அறிந்த பைசா, லட்சம், பீமா, காடி தான்.

நேரத்தில் கவனம். அவர்கள் மணியை விடியலிலிருந்து எண்ணுகிறார்கள். நம் முன்னோர் நாழிகையை உதயத்திலிருந்து எண்ணியது போலத்தான். காலை ஏழு அவர்களுக்கு ஒரு மணி. ஓட்டுநர் “சா ம்பிலி”, இரண்டு மணி என்றால் காலை எட்டு. எந்தக் கணக்கு என்று ஒரு முறைக்கு இரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

சான்சிபாருக்குள் நுழைய வெளிநாட்டவர்கள் 2024 அக்டோபர் முதல் அங்கத்திய காப்பீடு எடுக்க வேண்டும், 44 டாலர். பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 முதல் நாடு முழுதும் தடை. கென்யாவிலோ எத்தியோப்பியாவிலோ தங்கிவிட்டுப் போகிறவர்களுக்கு, விமான நிலையத்தில் நீண்ட நேரம் காத்திருந்தால்கூட, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று வேண்டும். புறப்படப் பத்து நாளுக்கு முன்னே போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். 2025 அக்டோபர் 29 தேர்தலை ஒட்டி அங்கே கலவரமும் ஊரடங்கும் இணையத் துண்டிப்பும் நடந்தன. பணம் கட்டும் முன் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு நான் சொன்னது இதுதான். செப்டம்பர் கடைசியில் போங்கள். பணம் இருந்தால் வடக்கு ஐந்து இரவு, தீவு மூன்று இரவு. செரெங்கெட்டியிலிருந்து சிறு விமானத்தில் நேரே தீவுக்குப் போய்விட்டால் அக்காவின் முதுகு பிழைக்கும். பணம் போதாதென்றால் வடக்கை வெட்டிக் குறைக்காதீர்கள். மட்டமான வண்டியும் ஒரே ஒரு செரெங்கெட்டி இரவுமாகப் போவதைவிட, மிகுமியையும் தீவையும் முழு மனதோடு பார்ப்பது மேல்.

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டாள். கணக்குப் போட்டுப் பார்த்து இரண்டாவதையே எடுத்திருக்கிறார்கள். பையனுக்கு அந்த மின்சார ரயிலில் ஏற வேண்டும். மிகுமியில் மூன்று இரவு, உட்சுங்வாவில் ஒரு நாள், திரும்பி வந்து படகில் தீவு, அங்கே நான்கு இரவு. செரெங்கெட்டி அவன் பிளஸ் டூ முடித்த பிறகு.

பிறகு அக்கா ஃபோனை வாங்கினார். “நீ எழுதுனத படிச்சேன்டா. அந்தத் தோட்டம் வேண்டாம்னு எழுதிருக்கியே. நாப்பது வருஷமா பிரியாணிக்கும் பல்வலிக்கும் கிராம்பு போட்டுருக்கேன், மரத்தப் பாத்ததில்ல.” கிராம்பு நம் குமரி மலையிலேயே விளைகிறது என்றேன். “அங்கயும் நீ கூட்டிட்டுப் போனதில்லையே” என்றார். தோட்டத்துக்கு அரை நாள் ஒதுக்கச் சொல்லிவிட்டேன்.